பங்கு வர்த்தகத் தாளில் தொடர் இருப்பு பிசகினால்: அறிகுறியிலிருந்து பிழைக்கு

பங்கு வாங்குவதையும் விற்பதையும் விரிதாளில் எழுதி வருபவர்களில் பலர், வரிசைக்கு வரிசை கூட்டிக்கொண்டே வரும் தொடர் இருப்பாகத் தாளின் அடியில் நிற்கும் எண்ணை டீமேட் (பங்குகள் மின்னணு வடிவில் இருக்கும் கணக்கு) அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் ஜூலை மாதத்தில்தான். அதற்குள் முந்நூறு நானூறு வரிசைகள் சேர்ந்துவிட்டிருக்கும். எங்கோ 50 பங்கு கூடுதலாகவும் சில ஆயிரம் ரூபாய் குறைவாகவும் நிற்கும். அந்த நேரத்தில் சூத்திரத்தைத் திருத்தத்தான் கை போகும். நான் பார்த்த வரையில் சூத்திரமே தவறாக இருப்பது குறைவு. ஏதோ ஒரு வரிசையில் பிசகான ஒன்று நுழைந்திருக்கும். அதற்குக் கீழே உள்ள வரிசைகள் அத்தனையும் அந்தப் பிசகைச் சுமந்துகொண்டு வந்திருக்கும். எனவே எந்த அறிகுறியானாலும் முதல் வேலை, முதன்முதலில் பிசகிய வரிசையைப் பிடிப்பது.

இங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டுக்கும் பொருந்தும். ஒரு வர்த்தகத்துக்கு ஒரு வரிசை என்றும், தேதி, பங்கின் பெயர், வகை, எண்ணிக்கை, விலை, செலவுகள், நிகரத் தொகை, அடக்கம் (பங்கை வாங்க ஆன தொகை), பங்கிருப்பு, பண இருப்பு ஆகியவை நெடுவரிசைகள் என்றும் வைத்துக்கொள்கிறேன். வாங்கினால் எண்ணிக்கை கூட்டல் குறியோடும் நிகரத் தொகை கழித்தல் குறியோடும் இருக்க வேண்டும்; விற்றால் நேர்மாறு. சார்புகளின் (ஃபங்ஷன்களின்) பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கட்டத்தில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சிட வேண்டும்.

முதலில் பிசகிய வரிசையைப் பிடிப்பது

டீமேட் கணக்குகளை வைத்திருக்கும் காப்பகங்களான என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை, பரிவர்த்தனை நடந்த மாதங்களுக்கு மாதந்தோறும் வருகிறது. அதில் ஒவ்வொரு பங்கின் மாத இறுதி இருப்பும் இருக்கும். மூன்றாண்டுத் தாள் என்றால் நடுவில் உள்ள மாதத்தின் அறிக்கையை எடுத்து, அந்தத் தேதியில் தாள் காட்டும் பங்கிருப்போடு ஒப்பிட வேண்டும். ஒத்துவந்தால் பிழை அதற்குப் பின். ஒத்துவராவிட்டால் அதற்கு முன். மறுபடியும் மீதிப் பகுதியின் நடு மாதம். இப்படிப் பாதியாக வெட்டிக்கொண்டே போனால் 36 மாதங்கள் இருந்தாலும் ஆறு ஒப்பீடுகளுக்குள் மாதம் அகப்பட்டுவிடும். எண்ணிக்கையைச் சரிசெய்த பிறகே ரூபாயைத் தொட வேண்டும். எண்ணிக்கை தவறாக இருக்கும்போது பணத்தைச் சரிபார்ப்பது வீண் உழைப்பு. மாதக் கடைசி நாளில் நடந்த வர்த்தகம் மட்டும் அடுத்த மாத அறிக்கையில்தான் தெரியும் என்பதை மறந்துவிடாமல் பார்க்கவும்.

அறிகுறி: கூட்டல் பூஜ்ஜியமாக வருகிறது, அல்லது சில வரிசைகள் கூட்டலில் சேரவில்லை

புரோக்கர் தரும் கோப்பிலிருந்தோ அன்றன்றைய வர்த்தகத்துக்கு அவர் அனுப்பும் பிடிஎஃப் ஒப்பந்தக் குறிப்பிலிருந்தோ ஒட்டிய எண்கள், எண்களாக இல்லாமல் எழுத்துகளாக உட்கார்ந்திருக்கின்றன. சம் சார்பு எழுத்தைக் கண்டால் குறை சொல்லாமல் தாண்டிப் போய்விடும். கூட்டல் குறியால் நேரடியாகக் கூட்டினால் அதே கட்டம் ஒருவேளை எண்ணாக மாறிக் கூட்டப்படும், அல்லது #வேல்யூ! என்ற பிழை வரும். ஒரே தாளில் இரண்டு வகையாகவும் கூட்டி இரண்டு விடை பெற்றவர்கள் குழம்புவது இதனால்தான்.

அந்த நெடுவரிசைக்கு இட, வல, நடு என்ற எல்லாச் சீரமைப்பையும் நீக்கிவிட்டுப் பாருங்கள். எண்கள் வலப்பக்கம் ஒட்டும்; எழுத்தாக மாறியவை இடப்பக்கம் ஒட்டும். ஐயம் இருந்தால் பக்கத்து நெடுவரிசையில் இஸ்நம்பர் சார்பை இட்டு, ஃபால்ஸ் என்று வருபவற்றை வடிகட்டலாம். காரணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. வலைப்பக்கத்திலிருந்து ஒட்டும்போது வரும் இடைவெளியின் குறியீட்டு எண் 160. டிரிம் சார்பு 32 என்ற சாதாரண இடைவெளியை மட்டுமே நீக்கும், 160-ஐத் தொடாது. சப்ஸ்டிட்யூட் சார்பால், கேர் (CHAR) சார்பு தரும் 160-ஆம் குறியீட்டை வெற்றாக மாற்றி, பிறகு வேல்யூ சார்பில் இட்டால் எண் கிடைக்கும். பங்கின் பெயரிலும் இதே இடைவெளி ஒளிந்திருக்கும். அப்போது டிசிஎஸ் என்ற ஒரே பங்கு இரண்டு பங்குகளாகப் பிரிந்து, நிபந்தனைக்குப் பொருந்துபவற்றைக் கூட்டும் சம்இஃப்ஸ் சார்பு ஒன்றை மட்டும் கூட்டும்.

பெயருக்குப் பதிலாக, ஒவ்வொரு பங்குக்கும் தனியாகத் தரப்படும் 12 எழுத்துள்ள ஐசின் குறியீட்டை வைத்துக் கூட்டுவது நல்ல பழக்கம். ஆனால் முகமதிப்பு (பங்குக்கு நிறுவனம் குறித்த அடிப்படை மதிப்பு) பிரிக்கப்பட்டால் ஐசினும் மாறிவிடும் என்பதால், பழைய ஐசினையும் புதிய ஐசினையும் இணைக்கும் ஒரு சிறு பட்டியல் தனித் தாளில் இருக்கட்டும்.

ஆர்டர் எண்ணைக் கொண்டு இரட்டைப் பதிவைக் கண்டுபிடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களுக்கு மேல் நினைவில் வைப்பதில்லை. 16 இலக்க ஆர்டர் எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும். வெவ்வேறு ஆர்டர்கள் ஒன்றுபோலத் தோன்றும். நல்ல வரிசையையே இரட்டை என்று நினைத்து அழித்துவிடுவீர்கள். அந்த நெடுவரிசையை மட்டும் ஒட்டுவதற்கு முன்பே டெக்ஸ்ட் என்று வடிவமைத்துவிட வேண்டும்.

அறிகுறி: தேதிவாரியாக அடுக்கினால் வரிசை கலைகிறது, வாங்குவதற்கு முன்பே விற்றதாகப் பங்கிருப்பு கழித்தலில் போகிறது

நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் 07/08/2024 என்று கோப்பில் உள்ள ஆகஸ்ட் 7, ஜூலை 8 ஆகப் பதிவாகும். 25/08/2024 என்பதில் 25 மாதமாக இருக்க முடியாது என்பதால் அது எழுத்தாகவே தங்கிவிடும். ஆக, ஒரே நெடுவரிசையில் 12-ஆம் தேதிக்குள் உள்ளவை தப்பான தேதிகளாகவும், அதற்கு மேற்பட்டவை தேதியே அல்லாத எழுத்துகளாகவும் நிற்கும். இடப்பக்கம் ஒட்டியிருப்பவை 13 முதல் 31 வரையிலான நாள்களாகவே இருந்தால் நோய் இதுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

இது அடுக்கும் வரிசையோடு நிற்கும் தொல்லை அல்ல. பட்டியலிடப்பட்ட பங்குகளின் குறுகிய கால ஆதாய வரி 2024 ஜூலை 23 முதல் 15 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகவும், நீண்ட கால ஆதாய வரி 10 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகவும் உயர்ந்தது. மேலே சொன்ன ஆகஸ்ட் 7 விற்பனை ஜூலை 8 ஆக மாறினால், தாள் பழைய விகிதத்தில் வரி போட்டுக் காட்டும். என் தாளிலேயே இப்படி மூன்று வரிசைகள் இருந்தன. மொத்த லாபம் சரியாக இருந்ததால் பல மாதம் கண்ணில் படவில்லை.

எழுத்தாக நிற்பவற்றை எக்செலின் டேட்டா மெனுவில் உள்ள டெக்ஸ்ட் டு காலம்ஸ் வழியே, மூன்றாவது படியில் டேட் என்பதில் டிஎம்ஒய் தேர்ந்தெடுத்துத் திருத்தலாம். ஏற்கெனவே இடம் மாறியவற்றை அந்த வழி திருத்தாது. அவற்றுக்கு டேட் சார்பில் ஆண்டை அப்படியே கொடுத்து, மாதம் கேட்கும் இடத்தில் டே சார்பையும் நாள் கேட்கும் இடத்தில் மன்த் சார்பையும் இட்டுத் திருப்பிப் போட வேண்டும். வரிசைகள் அதிகமென்றால் கோப்பை முதலிலிருந்து இறக்குமதி செய்வதே மேல். கூகுள் ஷீட்ஸில் ஃபைல், செட்டிங்ஸ் என்று போய் லொக்கேலை இந்தியா என்று மாற்றிவிட்டு ஒட்டவும். ஒட்டிய பிறகு மாற்றினால் பழைய தவறு அப்படியே இருக்கும்.

அறிகுறி: நடுவில் ஒரு வரிசையைச் செருகினாலோ அழித்தாலோ அதற்குக் கீழே எல்லாம் கெடுகிறது

மேல் கட்டத்தின் இருப்போடு இந்த வரிசையின் தொகையைக் கூட்டும் சூத்திரத்தைத்தான் எல்லாரும் முதலில் எழுதுகிறோம். வரிசையை அழித்தால் #ரெஃப்! வரும், அது பரவாயில்லை, பிழை என்றாவது தெரிகிறது. செருகினால் நடப்பதுதான் மோசம்: கீழ் வரிசை பழைய மேல் வரிசையையே பிடித்துக்கொண்டு, புதிதாக வந்ததைத் தாண்டிக் குதித்துவிடும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல். இதற்குப் பதிலாகத் தொடக்கக் கட்டத்தை டாலர் குறியால் பூட்டி, இறுதிக் கட்டத்தை மட்டும் நகரவிடும் சம் சூத்திரத்தை எழுதுங்கள். நிகரத் தொகை ஜி நெடுவரிசையில் இருந்தால், இரண்டாம் வரிசையில் $ஜி$2:ஜி2 என்ற வீச்சு, மூன்றாம் வரிசையில் $ஜி$2:ஜி3, இப்படிக் கீழே இழுக்க வேண்டும். பங்குவாரி இருப்புக்கும் இதே பூட்டு முறையில் சம்இஃப்ஸ். புதிதாகச் செருகிய வரிசையில் சூத்திரம் தானாக வராது, மேலிருந்து இழுத்து நிரப்ப வேண்டும். ஆனால் அதைச் செய்ய மறந்தாலும் கீழே உள்ள இருப்புகள் கெடுவதில்லை.

அறிகுறி: பங்கு எண்ணிக்கை சரி, பணம் மட்டும் லெட்ஜரோடு (புரோக்கரிடம் உள்ள உங்கள் பணக் கணக்கோடு) ஒத்துவரவில்லை

வித்தியாசத்தின் அளவைப் பாருங்கள். ஒரு முழு வர்த்தகத் தொகையின் அளவுக்கு இருந்து, ஓரிரு நாளில் தானாக மறைந்தால் அது பிழையே அல்ல. இந்தியச் சந்தையில் 2023 ஜனவரி 27 முதல் பங்குகளின் செட்டில்மெண்ட் (பங்கும் பணமும் கைமாறுவது) முழுவதும் டி+1 ஆக, அதாவது வர்த்தக நாளுக்கு அடுத்த வேலை நாளில் நடக்கிறது. உங்கள் தாள் வர்த்தகத் தேதியிலும் லெட்ஜர் வேறொரு தேதியிலும் எழுதினால் நடுவில் இடைவெளி வரத்தான் செய்யும்.

வித்தியாசம் சிறிதாக, மாதாமாதம் வளர்ந்துகொண்டே வந்தால் செலவுகள் விடுபட்டிருக்கின்றன. 500 ரூபாய் வீதம் 100 பங்கு டெலிவரியில் (அன்றே விற்காமல் டீமேட்டில் வைத்துக்கொள்ள) வாங்கினால் பங்கின் மதிப்பு 50,000. அதன் மேல் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம் 50 ரூபாய், முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம் 7 ரூபாய் 50 காசு. இவற்றோடு புரோக்கரேஜ், சந்தைக் கட்டணம், ஒரு கோடிக்கு 10 ரூபாய் வீதம் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் கட்டணம், இம்மூன்றின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி. விற்கும்போது முத்திரைத் தீர்வை இல்லை. பரிவர்த்தனை வரி உண்டு. ஒவ்வொரு வரிசைக்கும் சதவீதத்தால் பெருக்கிக் கணக்கிட்டால் காசுக் கணக்கில் எப்போதும் உதைக்கும், ஏனெனில் பரிவர்த்தனை வரி ஒப்பந்தக் குறிப்பில் முழு ரூபாயாகத் திருத்தப்படுகிறது. ஒப்பந்தக் குறிப்பின் அடியில் உள்ள உண்மைத் தொகையை எடுத்து, அன்றைய வரிசைகளுக்குப் பகிர்ந்து எழுதுவதே சரி. பரிவர்த்தனை வரிக்குத் தனி நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள். மூலதன ஆதாயக் கணக்கில் அதைக் கழிக்க முடியாது, மற்ற பல செலவுகளைக் கழிக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் விற்ற நாள்களில் மட்டும் பத்து இருபது ரூபாய் வித்தியாசம் நின்றால் அது டிபி கட்டணம். பங்கு டீமேட்டிலிருந்து வெளியேறும்போது விதிக்கப்படும் இந்தக் கட்டணம் ஒப்பந்தக் குறிப்பில் வராது. லெட்ஜரில்தான் தனி வரியாக வரும். ஒப்பந்தக் குறிப்பை மட்டும் நம்பி எழுதுபவர்கள் அத்தனை பேரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

அறிகுறி: பணம் சரி, பங்கு எண்ணிக்கை ஒத்துவரவில்லை

நீங்கள் எதையும் வாங்காமல் விற்காமல் நிறுவனத்தின் முடிவால் எண்ணிக்கை மாறியிருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்குத்தான் அதிக நேரம் செலவாகிறது, ஏனென்றால் பிரிப்பு, போனஸ், பிரிந்து செல்லுதல், இணைப்பு ஆகிய நான்கும் தாளில் நான்கு விதமாக எழுதப்பட வேண்டியவை.

பழைய வரிசைகளைத் திருத்துவது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி, அதைச் செய்யாதீர்கள். ஐஆர்சிடிசி 2021 அக்டோபரில் 10 ரூபாய் முகமதிப்பை 2 ரூபாயாகப் பிரித்தபோது 20 பங்கு வைத்திருந்தவரிடம் 100 ஆனது. பழைய வரிசையில் 20-ஐ 100 என்று மாற்றினால், அந்த நாளின் ஒப்பந்தக் குறிப்போடு தாள் இனி எப்போதும் ஒத்துவராது. மாறாக, பிரிப்பு நடந்த தேதியில் வகை ‘பிரிப்பு’, எண்ணிக்கை +80, நிகரத் தொகை 0, அடக்கம் 0 என்று ஒரு புதிய வரிசை எழுதவும். பங்கிருப்பு 100 ஆகும், மொத்த அடக்கம் மாறாது, ஒரு பங்கின் சராசரி ஐந்தில் ஒன்றாகத் தானே இறங்கும்.

போனஸுக்கும் வரிசை பார்வைக்கு இதேபோலத்தான் இருக்கும். 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தபோது 100 பங்குக்கு +100, தொகை 0. ஆனால் வரிக்கணக்கில் இரண்டும் வேறு. பிரிப்பில் கிடைத்த பங்குக்குப் பழைய வாங்கிய தேதியும் விலையும் தொடரும். போனஸ் பங்குக்கு அடக்கம் பூஜ்ஜியம், வைத்திருந்த காலம் ஒதுக்கீட்டுத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும். அதனால் வகை நெடுவரிசையில் இரண்டையும் ஒரே பெயரில் எழுதக் கூடாது.

ஒரு பகுதி தனி நிறுவனமாகப் பிரிந்து செல்லும்போது எண்ணிக்கை மட்டுமல்ல, அடக்கமும் பிரிய வேண்டும். 2023 ஜூலை 20-ஐப் பதிவுத் தேதியாகக் கொண்டு ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தது. ஒரு பங்குக்கு ஒரு பங்கு கிடைத்தது. அடக்கத்தில் 95.32 சதவீதம் ரிலையன்ஸுக்கும் 4.68 சதவீதம் புதிய பங்குக்கும் என்று நிறுவனம் அறிவித்தது. 100 பங்கின் அடக்கம் 2,00,000 ரூபாய் என்றால், ரிலையன்ஸ் பெயரில் எண்ணிக்கை 0, அடக்கம் -9,360 என்று ஒரு வரிசையும், ஜியோ ஃபைனான்ஷியல் பெயரில் எண்ணிக்கை 100, அடக்கம் +9,360 என்று மற்றொரு வரிசையும் எழுத வேண்டும். பணம் கைமாறவில்லை என்பதால் நிகரத் தொகை இரண்டிலும் 0. அடக்கத்தையும் நிகரத் தொகையையும் தனித்தனி நெடுவரிசைகளாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான். ஒரே நெடுவரிசையில் இரண்டையும் நடத்தியவர்கள் இந்த இடத்தில் திணறிப்போவார்கள்.

இணைப்பில் ஒரு பங்கு முற்றிலும் மறைந்து மற்றொன்று வருகிறது. எச்டிஎஃப்சி லிமிடெட் 2023 ஜூலையில் எச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்தபோது 25 பங்குக்கு 42 வங்கிப் பங்கு கிடைத்தது. பழையதை முழு அடக்கத்தோடு வெளியேற்றி, புதியதை அதே அடக்கத்தோடு உள்ளே எழுதினால் போதும். இதை விற்பனை என்ற வகையில் எழுதிவிட்டால் இல்லாத லாபம் ஒன்று தாளில் முளைக்கும்.

அறிகுறி: சராசரி விலை புரோக்கர் காட்டுவதிலிருந்து வேறுபடுகிறது

500 வீதம் 100 பங்கு வாங்கி, 650 வீதம் 60 விற்று, பிறகு 620 வீதம் 50 வாங்கியதாக வைத்துக்கொள்வோம், செலவுகளை விட்டுவிடலாம். கையில் 90 பங்கு. மொத்தக் கொள்முதலை மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் 540 வரும். விற்றுப்போன 60-ஐயும் சேர்த்துக்கொண்டதால் இது தவறு. போட்ட பணத்திலிருந்து எடுத்த பணத்தைக் கழித்து 90-ஆல் வகுத்தால் 466.67 வரும், லாபத்தை அடக்கத்துக்குள் ஒளித்துவிட்டதால் இதுவும் தவறு. சரியான கணக்கு: விற்றபோது 60 பங்கின் அடக்கமான 30,000 வெளியேற வேண்டும், விற்ற தொகையான 39,000 அல்ல. மீதி 20,000-உடன் 31,000 சேர்த்து, 51,000-ஐ 90-ஆல் வகுக்க 566.67.

இப்போது இன்னும் 60 விற்றால், சராசரி முறையில் மீதமுள்ள 30 பங்கு 566.67-இலேயே நிற்கும். புரோக்கரின் திரையோ 620 என்று காட்டும். அங்கே முதலில் வந்தது முதலில் போகிறது: பழைய 40 பங்கு 500-இலும், புதியதில் 20 பங்கு 620-இலும் வெளியேறி, மிச்சம் முழுவதும் 620-இல் வாங்கியவை. இந்திய வருமான வரிச் சட்டம் டீமேட் பங்குகளுக்கு இந்த முறையைத்தான் விதிக்கிறது. இந்த ஒரு விற்பனையில் மட்டும் இரண்டு முறைகளுக்கும் இடையே அடக்கத்தில் 1,600 ரூபாய் வேறுபாடு. ஆகவே இது பிழையன்று, முறை வேறுபாடு. முதலீட்டின் போக்கைப் பார்க்கச் சராசரி போதும். வரிக்கு மட்டும் தனித் தாளில், ஒவ்வொரு கொள்முதலுக்கும் எதிரே மிச்ச எண்ணிக்கையை வைத்து முன்வந்தது முன்போகும் கணக்கை நடத்துங்கள்.

அறிகுறி: முழுவதும் விற்ற பரஸ்பர நிதி இன்னும் பட்டியலில் நிற்கிறது

கட்டத்தில் 0.000 என்று தெரியும். ஆனால் இருப்பு பூஜ்ஜியமா என்று கேட்கும் சூத்திரம் இல்லை என்று சொல்லும். தசமப் பின்னங்களைக் கணினி இரும எண்ணில் வைப்பதால் 0.1 போன்றவை அதில் முழுமையாக அடங்குவதில்லை. பல கூட்டல் கழித்தலுக்குப் பின் கோடியில் ஒரு பங்கினும் சிறிய துணுக்கு மிஞ்சும். யூனிட்டுகள் மூன்று தசம இடம் வரை எழுதப்படுவதால் இருப்பை ரவுண்ட் சார்பில் 3 என்று கொடுத்து வெட்டிவிடலாம்.

அறிகுறி: எக்ஸ்ஐஆர்ஆர் #நம்! என்கிறது, அல்லது நம்ப முடியாத சதவீதம் தருகிறது

வெவ்வேறு தேதிகளில் போட்ட, எடுத்த தொகைகளிலிருந்து ஆண்டு வருவாய் விகிதத்தைக் கணக்கிடும் சார்பு இது. தொகைகளில் குறைந்தது ஒரு கழித்தலும் ஒரு கூட்டலும் வேண்டும். இன்னும் எதையும் விற்காதவர், இன்றைய சந்தை மதிப்பை இன்றைய தேதியோடு கூட்டல் தொகையாகக் கடைசி வரிசையில் எழுத மறந்திருப்பார். பிரிப்பு, போனஸ் ஆகியவற்றின் பூஜ்ஜிய வரிசை முதல் வரிசையாக அமைந்துவிட்டால், எக்செலின் பல பதிப்புகள் பிழை காட்டாமல் பூஜ்ஜியத்தை ஒட்டிய ஏதோ ஓர் எண்ணைத் தந்துவிடுகின்றன. முதல் தொகை உண்மையான முதலீடாக இருக்கட்டும். 30 நாளில் 10 சதவீத லாபம் கண்ட பங்குக்கு 200 சதவீதத்துக்கு மேல் விடை வந்தால் அது கணக்குப் பிழையன்று, ஆண்டு விகிதமாக நீட்டிக் காட்டுவதன் விளைவு. ஓராண்டு முடியாதவற்றுக்கு நான் இந்தச் சார்பைப் பயன்படுத்துவதில்லை.

அறிகுறி: சந்தை விலை வராமல் மொத்த மதிப்பு திடீரென விழுகிறது

சந்தை விலையைக் கொண்டுவரும் கூகுள் ஷீட்ஸின் கூகுள்ஃபைனான்ஸ் சார்பில் பங்கின் குறியீட்டுக்கு முன் என்எஸ்இ என்ற சந்தைப் பெயரும் முக்காற்புள்ளியும் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கவும். குறியீடே மாறியிருக்கலாம்: சொமாட்டோ 2025-இல் எடர்னல் ஆனபோது பழைய குறியீட்டை வைத்திருந்த தாள்கள் இப்படித்தான் நின்றன. விலை வராதபோது #என்/ஏ என்று வந்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் அழகுக்காக இஃப்எர்ரர் சார்பை இட்டுப் பிழைக்குப் பதில் 0 என்று எழுதியவருக்கு, ஒரு பங்கின் மதிப்பு முழுவதும் சத்தமில்லாமல் காணாமல் போகும். பூஜ்ஜியத்துக்குப் பதில் ‘விலை இல்லை’ என்று எழுதவைத்து, அப்படி எத்தனை கட்டங்கள் என்று கவுண்ட்இஃப் சார்பால் மொத்தத்தின் பக்கத்திலேயே காட்டுங்கள். விலை 20 நிமிடம் வரை பின்தங்கி வரலாம் என்பதால், சந்தை நேரத்தில் புரோக்கர் திரையோடு ரூபாய்க்கு ரூபாய் ஒப்பிடுவதில் பொருளில்லை.

மற்ற சிறு தொல்லைகள்

கட்டம் முழுக்க ##### என்று இருந்தால் நெடுவரிசையை அகலப்படுத்தினால் போதும். எண்ணை மாற்றியும் கூட்டல் அசையாவிட்டால் எக்செலின் ஃபார்முலாஸ் மெனுவில் கால்குலேஷன் ஆப்ஷன்ஸ் மேனுவல் ஆகியிருக்கும், ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். முதலில் திறந்த கோப்பின் அமைப்பை அடுத்துத் திறக்கும் கோப்புகளும் பின்பற்றுவதால், நீங்கள் தொடாமலேயே இது மாறியிருக்கக்கூடும். ஒரு பங்கை மட்டும் வடிகட்டியும் மொத்தம் மாறவில்லையென்றால் சம் இருக்கும் இடத்தில் சப்டோட்டல் சார்பை 9 என்ற எண்ணோடு இடவும். கையால் மறைத்த வரிசைகளையும் விட வேண்டுமென்றால் 109. வட்டச் சுற்று என்ற எச்சரிக்கை வந்தால், மொத்தத்தை எழுதிய கட்டம் தான் கூட்டும் வீச்சுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதைத் தலைப்புக்கு மேலே நகர்த்துங்கள்.

கோப்பு திறக்க நேரமாகிறது என்பது பல ஆண்டுத் தாள்களில் வரும் அறிகுறி. பூட்டிய தொடக்கத்தோடு வளரும் சம் வீச்சு 10,000 வரிசைகளில் இருந்தால், கணினி 5 கோடிக்கும் மேற்பட்ட கட்டங்களைப் படிக்க வேண்டியிருக்கிறது. முடிந்த நிதியாண்டுகளின் வரிசைகளைத் தனித் தாளுக்கு நகர்த்தி, சூத்திரங்களை மதிப்புகளாக ஒட்டிவிட்டு, மார்ச் 31 அன்றைய இருப்பையும் அடக்கத்தையும் பங்குக்கு ஒரு தொடக்க வரிசையாகப் புதிய தாளில் எழுதுங்கள். வரிக்கான தாளில் மட்டும் இப்படிச் சுருக்க வேண்டாம். அங்கே விற்கப்படாத ஒவ்வொரு கொள்முதலும் தன் சொந்தத் தேதியோடு இருந்தாக வேண்டும்.